தலையில கரண்ட் வச்சா நடை திரும்புமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் மேசை மேல பரப்பி வச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் சுத்திச் சுத்தி வருது. மூளைக்கு லேசா கரண்ட் குடுக்கிற ஒரு பட்டையைத் தலையில மாட்டிக்கிட்டு ஒருத்தர் கைத்தடியை ஓரமா சாத்தி வச்சுட்டு நடக்கிற மாதிரி ஒரு வீடியோ, எல்லார் குடும்ப குரூப்லயும் வந்திருக்கும் போல, எனக்கே நாலு பேர் அனுப்பிட்டாங்க. அதனால முதுகுவலி, முழங்கால் கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அக்கா, எங்க அப்பாவுக்கு வயசு 56. போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் இழுத்துக்கிச்சு. இப்ப நடக்கிறாரு, ஆனா இடது காலை வெளிப்பக்கமா சுத்திப் போட்டுத்தான் நடக்கிறாரு. மூளைக்கு கரண்ட் குடுத்தா நடை பழையபடி ஆயிடும்னு ஒரு சென்டர்ல சொல்றாங்க. பத்து செஷனுக்கு அவங்க கேக்குற காசுக்கு அம்மா நகையை அடகு வைக்கணும். போகலாமா?
– பட்டர்வொர்த் வாசகர்

தம்பி, நகை இருக்குற இடத்துலயே இருக்கட்டும். இதை முழுசா படிங்க, அம்மாவையும் பக்கத்துல உக்கார வச்சுப் படிச்சுக் காட்டுங்க.

அவங்க சொல்ற பட்டைக்குப் பேரு டிடிசிஎஸ். உப்புத் தண்ணியில நனைச்ச ரெண்டு ஸ்பாஞ்ச், அதுக்குள்ள ரப்பர் தகடு, அதுல இருந்து ஒரு சின்னப் பெட்டிக்கு வயர், அவ்வளவுதான் சாமான். ஒன்னுலேர்ந்து ரெண்டு மில்லி ஆம்பியர் கரண்ட் போகும், பெரும்பாலும் 20 நிமிஷம் போல. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், கொஞ்சம் அரிக்கும், ஸ்பாஞ்ச் இருந்த இடம் சிவந்து பிறகு சரியாயிடும். அந்தக் கரண்ட்லயும் பாதிக்கு மேல மண்டைத் தோல்லயும் எலும்புலயுமே போயிடுது, உள்ள போய்ச் சேர்ற மிச்சத்துக்கு மூளை செல்லை வேலை செய்ய வைக்கிற பலம் கிடையாது, செல்லு சிக்னல் அனுப்ப எவ்வளவு தயாரா இருக்குங்கிறதைக் கொஞ்சம் கூட்டும் இல்ல குறைக்கும். 2000ம் வருஷம் ஜெர்மனியில கோட்டிங்கன்ல நிட்ஷே, பவுலஸ்னு ரெண்டு பேர் இதை மனுஷங்க கிட்ட அளந்து காட்டுனாங்க, அதுக்கப்புறம்தான் உலகம் பூரா லேப்ல இந்த ஸ்பாஞ்ச் வந்துச்சு.

நம்ம சமையல்ல வச்சு சொல்றேன். எண்ணெய் காஞ்சு தயாரா இருக்கு, ஆனா கடுகு போட்டாத்தானே வெடிக்கும்? வெறும் எண்ணெயை எவ்வளவு நேரம் காய வச்சாலும் தாளிப்பு ஆகாது. அந்தக் கரண்ட் எண்ணெயை லேசா காய வைக்கிற வேலை. கடுகு வந்து அப்பா வைக்கிற எட்டு, ஒவ்வொரு எட்டும்.

அதனால அந்த சென்டர்ல நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி, கரண்ட் ஓடும்போதும் அது முடிஞ்ச கையோடயும் எங்க அப்பா என்ன செஞ்சுக்கிட்டு இருப்பாருங்கிறதுதான். நாற்காலியில சாஞ்சு போன் பார்த்துக்கிட்டு இருப்பாருன்னா அங்கேயே எழுந்து வந்துடுங்க. நடை பயிற்சியோட சேர்த்துன்னு சொன்னா, யார் பயிற்சி குடுக்கிறாங்க, நடையை முன்னாடியும் பின்னாடியும் எப்படி அளக்கிறாங்க, அதை எழுதிக் குடுப்பாங்களான்னு கேளுங்க. வலிப்பு வந்திருக்கா, பேஸ்மேக்கர் இருக்கா, தலையில ஆபரேஷன் நடந்திருக்கா, மண்டைக்குள்ள கிளிப், தகடு ஏதும் இருக்கான்னு கேக்காமயே பட்டையை மாட்ட வர்ற இடத்துக்கு யாரும் போகாதீங்க.

இதுல உண்மையே இல்லைன்னு நான் சொல்லல. 2019ல ரோம்ல சாந்தா லூசியா ஆஸ்பத்திரியில ஒரு ஆய்வு நடந்துச்சு, ஸ்ட்ரோக் வந்த 36 பேரை எடுத்துக்கிட்டு, பாதிப் பேருக்கு தலைக்குப் பின்னாடி, நடையையும் பேலன்ஸையும் சீர் பண்ற சிறுமூளை மேல காந்தத் துடிப்பு, மீதிப் பேருக்கு சத்தம் மட்டும் வர்ற போலி, ரெண்டு குரூப்புக்கும் மூணு வாரம் ஃபிசியோ. நிஜ காந்தம் வாங்குன குரூப்புக்கு பேலன்ஸ் நல்லா முன்னேறிச்சு, தடுமாற்றத்துக்கு காலை அகட்டி அகட்டி வச்சவங்க இப்ப ரெண்டு காலையும் கிட்டக் கிட்ட வச்சு நடந்தாங்க. எனக்கு அதைப் படிச்சப்ப சந்தோஷமா இருந்துச்சு. ஆனா பாருங்க, அது காந்தம், உங்க சென்டர்ல சொல்றது ஸ்பாஞ்ச் கரண்ட், ரெண்டும் வேற வேற சாமான். அங்கயும் ஃபிசியோ இல்லாம யாருக்கும் எதுவும் குடுக்கல. ஸ்பாஞ்ச் கரண்ட்டை வச்சு ஸ்ட்ரோக் நடைக்கு வந்த ஆய்வெல்லாம் சின்னச் சின்னதா இருக்கு, ஒன்னு ஆமாங்குது இன்னொன்னு இல்லைங்குது. நகையை அடகு வைக்கிற அளவுக்கு அது இன்னும் உறுதியாகல.

அப்பா காலை சுத்திப் போடுறாருன்னு எழுதியிருக்கீங்களே, அதைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். பாதம் தொங்குது, இல்ல முட்டி மடங்கல, விரல் தரையில இடிக்கக் கூடாதேன்னு உடம்பே கண்டுபிடிச்ச வழிதான் அந்த சுத்து. பாதம் தொங்குறதுதான் காரணம்னா காலுக்குப் போடுற பிளாஸ்டிக் ஸ்ப்லின்ட் ஒன்னு அளவெடுத்துப் போட்டாலே பாதி மாறும். ஜிஎச்ல, அதாவது அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில, ரீஹேப் கிளினிக்குக்கு ஒரு ரெஃபரல் லெட்டர் வாங்குங்க. பினாங்குல நாசாம் சென்டர் இருக்கு, ஸ்ட்ரோக் வந்தவங்களுக்காகவே 1996ல ஆரம்பிச்ச சங்கம், ஆரம்பிச்ச அம்மா ஜேனட் இயோவே ஸ்ட்ரோக்ல இருந்து எழுந்தவங்கதான். அப்பா வேலையில இருந்தப்ப சம்பளத்துல பெர்கேசோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா, வெட்டுனாங்கன்னா அதையும் விடாதீங்க, ரீஹேப் உதவி கிடைக்குமான்னு விசாரிங்க, மலாக்காவுல அவங்களுக்குன்னு பெரிய மறுவாழ்வு மையமே இருக்கு.

மூளைக்கு கரண்ட்னா பைத்தியத்துக்குக் குடுப்பாங்களே அந்த ஷாக் மாதிரியா? கேக்கவே பயமா இருக்கு.
– ஆயர் ஈத்தாம் வாசகி

இல்லம்மா. அது மயக்க மருந்து குடுத்து, வலிப்பு வரணும்னே குடுக்கிறது, அந்தக் கரண்ட் இதை விட நூறு மடங்குக்கு மேல. அதுவும் கடுமையான மனச்சோர்வுக்கு உயிர் காக்கிற சிகிச்சைதான், பைத்தியம்கிற வார்த்தையை விட்டுடுவோம். டிடிசிஎஸ்ல முழிச்சுக்கிட்டுதான் இருப்பீங்க, பேசலாம், நடக்கலாம். முறையா நடத்துன 33,000க்கும் மேல செஷன்களைத் திரட்டி 2016ல பார்த்தாங்க, பெரிய ஆபத்து எதுவும் பதிவாகல. முறையாங்கிற வார்த்தைய மனசுல வச்சுக்குங்க, கீழ இன்னொருத்தருக்கு அதைப் பத்தி சொல்லியிருக்கேன்.

கேஎல்ல ஃபிசியோ படிக்கிறேன் அக்கா. ரெண்டு பெல்ட் இருக்குற டிரெட்மில் பத்தி லெக்சரர் ஒரே ஒரு ஸ்லைடு காட்டிட்டு போயிட்டாரு. அது எப்படி வேலை செய்யுது, அதுக்கும் மூளைக்குக் குடுக்கிற கரண்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?
– செந்தூல் மாணவர்

நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க தம்பி, இதுக்கு எனக்கு ஒரு பக்கம் பத்தாது.

சாதா டிரெட்மில்ல ஒரு பெல்ட், இதுல ரெண்டு, வலது காலுக்கு ஒன்னு இடது காலுக்கு ஒன்னு, ரெண்டுக்கும் தனித்தனி மோட்டார். ஒன்ன மெதுவா விட்டு இன்னொன்ன அதை விட ரெண்டு மடங்கு, சில ஆய்வுல மூணு மடங்கு வேகத்துல விடுவாங்க. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு பயிற்சிக்கு வெளிநாடு போனப்ப ஒரு லேப்ல என்னை அதுல ஏத்தி விட்டாங்க. பெல்ட் பிரிஞ்ச அந்த நொடி, ஒரு காலை யாரோ பின்னாடி இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு, என் சொந்தக் கால் நொண்டுது, கையைக் கம்பியில இருந்து எடுக்க மனசு வரல. முதல் ரெண்டு மூணு நிமிஷம் டக், டடக், டக், டடக்னு சத்தமே கோணலா கேட்டுச்சு. அப்புறம் நான் எதுவும் செய்யாமயே அந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமா சீராச்சு. பத்து நிமிஷத்துல ரெண்டு எட்டும் ஏறக்குறைய ஒரே நீளம், பெல்ட் இன்னும் வேற வேற வேகத்துலதான் ஓடுது, எனக்கு அது தெரியவே இல்ல.

அதுக்கப்புறம்தான் விஷயமே. ரெண்டு பெல்ட்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வந்தாங்க. இப்ப நான் நேரா நடக்கணும் இல்லையா? நொண்டினேன், அதுவும் எதிர்ப்பக்கமா. பெல்ட் சரியாயிடுச்சுன்னு கண்ணு சொல்லுது, புத்தி சொல்லுது, காலு கேக்க மாட்டேங்குது. மால்ல எஸ்கலேட்டர் நின்னு போயிருக்கும்போது, அது ஓடலன்னு தெரிஞ்சே கால் வைப்போம், அப்படியும் உடம்பு ஒரு தூக்கு தூக்கி முன்னாடி சாயும், அனுபவிச்சிருப்பீங்க, இது அதே ஜாதி. மூளை ஒரு புது நடையைக் கத்துக்கிட்டு உள்ள எழுதி வச்சிருச்சுங்கிறதுக்கு அந்த எதிர் நொண்டல்தான் சாட்சி.

இதை ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குத் திருப்பிப் பயன்படுத்துனவங்க அமெரிக்காவுல ரைஸ்மன், பாஸ்டியன் குழு. குட்டையா எட்டு வைக்கிற காலை வேகமான பெல்ட்ல விடுவாங்க. விட்டதும் நடை இன்னும் மோசமாகும், குட்டை இன்னும் குட்டையாகும். மூளைக்கு இப்பத்தான் தப்பு பெருசா தெரியுது, உடனே திருத்தப் பாக்குது, பெல்ட்டை சமமாக்குனதும் அந்தத் திருத்தம் மட்டும் மிஞ்சி நிக்குது, நடை நேராகுது. 2007ல இது ஒரு நாள் பயிற்சியிலயே தெரிஞ்சுச்சு, ஆனா கொஞ்ச நேரத்துல மறைஞ்சிடுச்சு. 2013ல 13 பேருக்கு நாலு வாரத்துல 12 தடவை குடுத்துப் பார்த்தாங்க, எட்டோட கோணல் குறைஞ்சு மூணு மாசம் கழிச்சும் நின்னுச்சு. 13 பேர்தான், அதை மறக்காம நோட்ல எழுதிக்குங்க.

இப்ப கரண்ட். இந்தக் கத்துக்கிற வேலை நடக்கிற இடம் சிறுமூளை, பின்மண்டையில கழுத்துக்கு மேல. மொத்த மூளை செல்லுல அஞ்சுல நாலு பங்கு அந்த சின்ன உருண்டைக்குள்ளதான் இருக்கு. மார்ட்டனும் பாஸ்டியனும் 2006ல சிறுமூளை பழுதானவங்களை அந்த டிரெட்மில்ல ஏத்துனாங்க. பெல்ட் பிரிஞ்சதும் விழாம சமாளிச்சாங்க, அந்த நொடிக்குச் சமாளிக்கிறது அவங்களுக்கு வந்துச்சு, ஆனா அடுத்த எட்டுக்கு முன்கூட்டியே திருத்தி வைக்கிறது வரல, எதிர் நொண்டலும் சரியா வரல. அப்ப சிறுமூளையைத் தூண்டி விட்டா என்ன ஆகும்னு ஜெயராம், பாஸ்டியன், செல்னிக் எல்லாரும் சேர்ந்து 2012ல பார்த்தாங்க, நடந்துக்கிட்டு இருக்கும்போதே ஸ்பாஞ்ச் வச்சு கரண்ட். பாசிட்டிவ் முனையை சிறுமூளை மேல வச்சவங்க புது நடையை வேகமா கத்துக்கிட்டாங்க, நெகட்டிவ் முனை வச்சவங்க மெதுவா கத்துக்கிட்டாங்க. பழைய நடைக்குத் திரும்புற வேகம் மட்டும் யாருக்கும் மாறல. அதுல இருந்தவங்க எல்லாரும் ஆரோக்கியமானவங்க, நோயாளிங்க கிடையாது. வீடியோ போடுறவங்க இந்த ஒரு வரியைத்தான் விட்டுடுறாங்க, எனக்கு அதுதான் கோவம்.

முனையை மாத்தி வச்சா கத்துக்கிறது மெதுவாகும்னு சொன்னேன் பாருங்க, அதை அடுத்த கேள்விக்கு ஞாபகம் வச்சுக்குங்க.

படிக்கிற பிள்ளைங்கிறதால இன்னொன்னும் சொல்றேன். 2010ல மலோனும் பாஸ்டியனும் மூணு குரூப்பை இதே டிரெட்மில்ல நடக்க விட்டாங்க. ஒரு குரூப்புக்கு எட்டைப் பார்த்துத் திருத்துங்கன்னு சொன்னாங்க, ஒரு குரூப்போட கவனத்தை வேற வேலையில திருப்பி விட்டாங்க, ஒரு குரூப்பை சும்மா விட்டாங்க. யோசிச்சு நடந்தவங்க சீக்கிரம் சரிபண்ணிட்டாங்க. கவனம் வேற பக்கம் இருந்தவங்க மெதுவாத்தான் கத்துக்கிட்டாங்க, ஆனா கத்துக்கிட்டது அவங்ககிட்டதான் அதிக நேரம் நின்னுச்சு. நாளைக்கு வார்டுல நின்னு ஒவ்வொரு எட்டுக்கும் “காலைத் தூக்கு காலைத் தூக்கு”ன்னு கத்துறதுக்கு முன்னாடி இதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க, நானும் முதல் அஞ்சு வருஷம் கத்திக்கிட்டுதான் இருந்தேன்.

ஆன்லைன்ல ஒரு மெஷின் 300 வெள்ளிக்குக் கிடைக்குது, 9 வோல்ட் பேட்டரிதான். என் தம்பிக்கு பைக் விபத்துல தலையில அடிபட்டு நடை தடுமாறுது. நானே வீட்டுல வச்சு விடலாமா? எப்படி வைக்கணும்னு யூடியூப்ல இருக்கு.
– பிறை வாசகர்

வேண்டாம் ஐயா. இதுல நான் வளைஞ்சு குடுக்க மாட்டேன்.

தலையில அடிபட்டவருக்கு மண்டையோடு விரிஞ்சிருக்கலாம், ஆபரேஷன்ல எலும்பை எடுத்திருக்கலாம், தகடு வச்சிருக்கலாம். எலும்பு இல்லாத இடத்துல கரண்ட் தடை இல்லாம உள்ள இறங்கும், எவ்வளவு போகுதுன்னு உங்க பெட்டி காட்டாது. விபத்துக்கு அப்புறம் வலிப்பு வர்ற வாய்ப்பும் இருக்கு. ஸ்பாஞ்ச் காய்ஞ்சு போனா தோல் புண்ணாகும். முனையை மாத்தி வச்சா கத்துக்கிறது மெதுவாகும்னு மேல சொன்னேனே, அது லேப்ல அளந்து வச்சப்ப. நீங்க கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு விரக்கடை தள்ளி வச்சா எந்த இடத்தைத் தூண்டுறீங்கன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

நான் மட்டும் பயந்து சொல்லல. இந்தத் துறையிலயே ஆராய்ச்சி பண்றவங்க 39 பேர் கையெழுத்துப் போட்டு 2016ல ஒரு பகிரங்கக் கடிதமே எழுதுனாங்க, வீட்டுல தானா செய்றவங்களுக்காக. ஸ்பாஞ்ச் வச்ச இடத்துக்கு அப்பாலயும் மூளையில மாற்றம் நடக்குது, ஒரு திறமை கூடினா இன்னொன்னு குறையலாம், ஒவ்வொருத்தர் மூளைக்கும் பலன் வேற மாதிரி வருது, அந்த மாற்றம் நாம நினைக்கிறதை விட அதிக நாள் நிக்கலாம்னு எழுதியிருந்தாங்க. அந்த மெஷினை வச்சே பேர் வாங்குனவங்க இப்படி எழுதுறாங்கன்னா நாம கேக்கணும் ஐயா.

300 வெள்ளி கையில இருக்குன்னா தம்பிக்கு குதிகாலைக் கெட்டியா பிடிக்கிற ஒரு நல்ல ஷூ, குளிக்கிற இடத்துல ரெண்டு கைப்பிடி. அப்பாயின்ட்மென்ட் போறப்ப வலிப்பு, தலை சுத்தல், ரெட்டையா தெரியிறது இதெல்லாம் இருக்கான்னு எழுதி எடுத்துட்டுப் போங்க, டாக்டர் ரூம்ல எல்லாமே மறந்து போகும்.

என் மகளுக்கு 7 வயசு, பிறந்ததுல இருந்து ஒரு கால் இழுத்து நடக்கிறா. சின்னப் பிள்ளைங்க எதையும் சீக்கிரம் கத்துக்கும், இப்பவே இந்த மாதிரி புது சிகிச்சை குடுத்தா நல்லதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.
– பாயான் லெப்பாஸ் தாய்

பிள்ளைங்க பாஷை கத்துக்கிற வேகத்தைப் பார்த்துட்டு எல்லாத்தையும் அப்படியே நினைச்சுக்கிறோம்மா. அந்த ரெண்டு பெல்ட் டிரெட்மில்ல பிள்ளைங்களையும் ஏத்திப் பார்த்தாங்க, 2011ல வந்துச்சு. கால் எப்ப வைக்கணும்ங்கிற நேரக்கணக்கு சின்னப் பிள்ளைங்களுக்கும் வந்துடுது, எங்க வைக்கணும்ங்கிற இடக்கணக்கு பெரியவங்களை விட மெதுவாத்தான் வருது, வளர வளரத்தான் அது முதிருது. அதனால மக மெதுவா முன்னேறுறான்னு கலங்காதீங்க, அந்த வயசுக்கு அது இயல்பு. தலையில கரண்ட் பத்தி இப்ப யோசிக்கவே வேண்டாம். பிள்ளைங்களுக்கான ஃபிசியோவைத் தொடர்ந்து பாருங்க, வீட்டுல விளையாட்டா செய்ங்க, எங்க காலத்துல தரையில சாக்பீஸ்ல கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவோமே அதை விட நல்ல பயிற்சி சாமான் எனக்குத் தெரியாது. ஒத்தக்கால்ல குதிக்க முடியலன்னா கட்டத்துக்குக் கட்டம் எட்டு வச்சாப் போதும்.

அம்மாவுக்கு பார்க்கின்சன். நடந்துக்கிட்டே இருப்பாங்க, திடீர்னு கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடுவாங்க, அதுவும் வாசப்படி கிட்ட. தலைக்குள்ள கம்பி வைக்கிறாங்களாமே, அதுவும் இதுவும் ஒன்னா?
– பிரிக்பீல்ட்ஸ் வாசகி

ஒன்னு இல்ல. கம்பி வைக்கிறது ஆபரேஷன், மண்டையில துளை போட்டு ஆழத்துல வைக்கிறது, அது நரம்பு டாக்டர் ஆள் பார்த்து முடிவு பண்ணுவாரு. நாம பேசிக்கிட்டு இருக்கிறது தோலுக்கு வெளியே.

ஒட்டிக்கிறதுக்கு இன்னைக்கே ஒன்னு செஞ்சு பாருங்க. வாசப்படி கிட்ட தரையில கலர் டேப்பைக் குறுக்குக் கோடா ஒட்டுங்க, ஒரு எட்டு தூரத்துக்கு ஒரு கோடு, நாலஞ்சு போதும். அந்தக் கோட்டைத் தாண்டச் சொல்லுங்க. தானா வர்ற நடை பார்க்கின்சன்ல தடுக்குது, கண்ணுக்கு ஒரு கோடு கிடைச்சா மூளை வேற வழியில எட்டை வைக்குது, பல பேருக்கு அந்த நிமிஷமே எட்டு நீளமாகும். கையைப் பிடிச்சு மட்டும் இழுக்காதீங்க, விழுறது அப்பத்தான். நில்லுங்கம்மா, மூச்சு விடுங்க, உடம்பை ரெண்டு பக்கமும் லேசா ஆட்டுங்க, இப்ப பெரிய எட்டு, இப்படி சொல்லிக் குடுங்க. மாத்திரை நேரம் தவறுனா இதெல்லாம் பலிக்காது.

என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாசம் ஆச்சு. ஆறு மாசம் தாண்டிட்டா அதுக்கு மேல முன்னேற்றம் வராதுன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போயிட்டாங்க, அன்னையில இருந்து மனுஷன் எழுந்திருக்கவே மாட்டேங்கிறாரு. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை ஏறணும்னு வேண்டுதல் வேற. மெஷின், கரண்ட் எதுக்கும் எங்ககிட்ட வசதி இல்லம்மா.
– ஜெலுத்தோங் வாசகி

அம்மா, உங்க கடிதத்தைத்தான் நான் ரெண்டு தடவை படிச்சேன்.

அந்த ஆறு மாசக் கணக்கை யார் சொன்னாலும் நம்பாதீங்க. முதல் மாசங்கள்ல வேகமா வரும், அப்புறம் வேகம் குறையும், அது நெசம், ஆனா கதவு சாத்திக்காது. அமெரிக்காவுல ஸ்ட்ரோக் வந்த 408 பேரை மூணு குரூப்பா பிரிச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணி 2011ல வெளியிட்டாங்க. ஒரு குரூப்புக்கு ரெண்டாவது மாசத்துல இருந்து, உடம்பைப் பெல்ட்ல தொங்க விட்டு டிரெட்மில்ல நடக்க வைக்கிற பெரிய மெஷின் பயிற்சி. இன்னொரு குரூப்புக்கு அதே மெஷின், ஆனா ஆறு மாசம் ஆனப்புறம்தான் ஆரம்பிச்சாங்க. மூணாவது குரூப்புக்கு மெஷினே கிடையாது, ஃபிசியோ வீட்டுக்கு வந்து பலத்துக்கும் பேலன்ஸுக்கும் சொல்லிக் குடுத்த பயிற்சிதான். ஒரு வருஷம் முடிஞ்சு பார்த்தா மொத்தப் பேர்ல 52 சதவீதம் பேருக்கு நடை ஒரு படி மேல போயிருந்துச்சு, மூணு குரூப்புக்கும் நடுவுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. ஆறு மாசம் கழிச்சு ஆரம்பிச்சவங்களும் முன்னேறுனாங்க, மெஷின் இல்லாதவங்களும் முன்னேறுனாங்க. இதை அப்படியே அவருக்குப் படிச்சுக் காட்டுங்க, பக்கத்து வீட்டுக்கும் வேணும்னா குடுங்க.

இப்ப வீட்டுல அளக்கிற வேலை. பிளாட் நடைபாதையில 10 மீட்டர் அளந்து ரெண்டு பக்கமும் டேப் ஒட்டுங்க. அவரு வழக்கமா நடக்கிற மாதிரி நடக்கட்டும், நீங்க போன்ல ஸ்டாப்வாட்ச் அமுக்குங்க. 25 வினாடிக்கு மேல ஆச்சுன்னா வீட்டுக்குள்ள நடக்கிற வேகம். 12, 13 வினாடிக்குள்ள வந்துட்டாருன்னா பாசாருக்கும் கோயிலுக்கும் தனியா போற வேகம். ஒரு காலண்டர்ல வாரம் ஒரு தடவை எழுதி வைங்க, நேத்தைய நடைக்கும் இன்னைய நடைக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, நம்பருக்குத் தெரியும்.

இன்னொன்னு, வாசல்ல கிடக்கிற அவரு சிலிப்பரைத் திருப்பிப் பாருங்க. வீட்டுக்கு ஃபிசியோ பார்க்கப் போனா நான் ஆளைப் பாக்குறதுக்கு முன்னாடி சிலிப்பரைத்தான் பாப்பேன். ஒரு சிலிப்பர்ல முன் நுனி, விரலுக்குக் கீழ மட்டும் வழவழன்னு தேஞ்சிருந்தா அந்தக் கால் இழுக்குது. வெளி ஓரம் தேஞ்சிருந்தா பாதம் வெளிப்பக்கம் மடங்குது, கணுக்கால் பிசகுற காலு அது. அதை ஒரு போட்டோ எடுத்து ஜிஎச் ஃபிசியோகிட்ட காட்டுங்க, பாதி கதை அதுல இருக்கு. சிலிப்பரோட பயிற்சி செய்யக் கூடாது, பின்வார் இருக்குற செருப்பு போடுங்க. ஜார்ஜ்டவுன் பக்கம் போனா கடை முன்னாடி இருக்குற அஞ்சடி நடைபாதையில கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும், அங்க நடக்கிறதை இப்போதைக்கு விட்டுடுங்க, எஸ்பிளனேட்ல காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நடக்க விடுங்க.

வேண்டுதலுக்கு வர்றேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500 படிக்கு மேல, அதுவும் தைப்பூசக் கூட்டத்துல. முதல்ல டாக்டர்கிட்ட இதயமும் பிரஷரும் படி ஏறத் தாங்குமான்னு கேட்டுக்குங்க. சரின்னாருன்னா உங்க பிளாட்டுப் படிக்கட்டுலயே ஆரம்பிங்க, நல்ல கை பக்கம் கைப்பிடி வர்ற மாதிரி. ஏறும்போது நல்ல கால் முதல்ல போகணும், இறங்கும்போது பலம் குறைஞ்ச கால் முதல்ல இறங்கணும், மறு கால் அதே படிக்கு வந்து சேரணும், இதை அவரு வாயால சொல்லிக்கிட்டே செய்யட்டும். நீங்க எப்பவும் அவருக்குக் கீழ்ப்படியில நில்லுங்க, ஏறுறப்ப பின்னாடி, இறங்குறப்ப முன்னாடி. முதல் வாரம் அஞ்சு படி, மூச்சு வாங்கலன்னா அடுத்த வாரம் பத்து. தப்பா ஒரு எட்டு வச்சா உடனே பதறிப் பிடிக்காதீங்க, விழாத அளவுக்கு நின்னுக்கிட்டு அவரே திருத்துறாரான்னு ஒரு நொடி பாருங்க.

தைப்பூசம் அன்னைக்கே போகணும்னு இல்லம்மா, அதுக்கு முன்னாடி ஒரு சாதா செவ்வாய்க்கிழமை காலையில கூட்டமில்லாதப்ப போய் அடிவாரத்துல இருந்து எத்தனை படி வருதோ ஏறி, அங்கேயே உக்காந்து முருகனைக் கும்பிட்டுட்டு இறங்கி வாங்க. எத்தனாவது படின்னு எனக்கு எழுதுங்க.